நாடக உடை தைப்பதற்கு முதுகலைப் படிப்பு எதற்கு?

வாசகர் கேள்வி – பதில்

நாடக உடைத் தயாரிப்பை முதுகலை அளவில் கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஃபேஷன் டிசைனிங்கில் இளநிலைப் பட்டம் பெற்றிருக்கிறேன். நாடகத்துக்கு உடை செய்வதில்தான் எனக்கு நாட்டம். பல்கலைக்கழகங்களின் அறிவிப்புகளைப் பார்த்தால், ஓரிடத்தில் ‘உடை வடிவமைப்பு’ என்றும், வேறோரிடத்தில் ‘உடைத் தயாரிப்பு’ என்றும், இன்னோரிடத்தில் ‘உடைத் தொழில்நுட்பம்’ என்றும் இருக்கிறது. எல்லாம் ஒன்றுதானா?

பதில்: பின்னவை இரண்டும் ஏறத்தாழ ஒன்று, முதலாவது வேறு. வடிவமைப்பாளர் என்பவர் நாடகப் பிரதியைப் படித்து, இயக்குநரோடு கலந்து பேசி, எந்தப் பாத்திரம் எந்தக் காட்சியில் என்ன உடுத்தும் என்பதைத் தீர்மானித்து வரைந்து கொடுப்பவர். அந்த ஓவியம் தாளில் இருக்கும் வரை அதற்கு எடையும் இல்லை, வியர்வையும் இல்லை. அதைக் கையில் வாங்கி, எத்தனை துண்டுகளாக வெட்டினால் அந்தக் கோடு துணியில் வரும், அதைப் போட்டுக்கொண்டு ஒருவரால் மாடிப்படி ஏற முடியுமா என்றெல்லாம் யோசித்து உடையாக்குபவர்தான் தயாரிப்பாளர். இந்த வேலையின் தலைமை இடத்தில் இருப்பவரை அமெரிக்காவில் டிரேப்பர் என்றும், பிரிட்டனில் கட்டர் என்றும் அழைக்கிறார்கள். அவருக்குத் துணையாகத் துணியை வெட்டிப் பிரித்துக் கொடுக்கும் உதவியாளர் ஒருவரும், தையற்காரர்களும் இருப்பார்கள். தொப்பி, கவசம், சாயம் ஆகியவற்றைத் தனியே ஒரு கைவினைஞர் பார்த்துக்கொள்வார். நாடகம் மேடையேறிய பிறகு அன்றாடம் துவைத்து, தேய்த்து, பிரிந்ததைத் தைத்து, நடிகருக்கு உடுத்திவிடும் குழு வேறு.

அமெரிக்காவில், சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகமும் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ‘உடைத் தயாரிப்பு’ என்ற பெயரில் முதுகலை நடத்துகின்றன. வட கரோலினா மாநிலத்தின் கலைப்பள்ளி அதையே ‘உடைத் தொழில்நுட்பம்’ என்கிறது. பெயர் பெற்ற பள்ளி என்பதற்காக மட்டும் யேல் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளிக்கு விண்ணப்பிப்பவர்கள் உண்டு. அங்கே உடை என்பது வடிவமைப்புத் துறையின் பகுதி. வெட்டுமேசையில் வாழ விரும்புகிறவர் அங்கே போய்ச் சேர்ந்தால் வரைபலகையின் முன்னால்தான் அதிக நேரம் உட்கார வேண்டியிருக்கும். ஒரு புதுத் துணியைக் கையில் எடுத்ததும் உங்கள் மனத்தில் முதலில் ஓடுவது, இது எந்தப் பாத்திரத்துக்குப் பொருந்தும் என்பதா, அல்லது இது எப்படி விழும், எங்கே கொசுவம் பிடிக்கும் என்பதா என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். இரண்டாவது என்றால் தயாரிப்புதான் உங்கள் இடம்.

கேள்வி: என் மகள் பன்னிரண்டு வயதிலிருந்தே தைக்கிறாள், இப்போது கார்செட் என்ற, உடலை இறுக்கும் உள்ளாடை வரை தைக்கிறாள். அவள் உடைத் தயாரிப்பில் மூன்றாண்டு முதுகலை படிக்க வேண்டும் என்கிறாள். தைக்கத் தெரிந்த பெண்ணுக்கு மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து கற்க என்ன இருக்கிறது?

பதில்: நியாயமான கேள்வி. தையல் கற்பதற்காக என்றால் அந்த மூன்று ஆண்டுகளும் வீண்தான். தைக்கத் தெரியாதவர்களை நல்ல பள்ளிகள் சேர்த்துக்கொள்வதும் இல்லை. அங்கே கற்பது வெட்டு. ஓர் ஓவியத்தையும் ஓர் உடலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைத் துணியால் கடக்கும் வித்தை அது.

ஒரே ஓர் எடுத்துக்காட்டைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். வாட்சண்டை போடும் பாத்திரத்துக்கு உடலை ஒட்டிய மேற்சட்டை வேண்டும். மாணவி பேட்டர்ன் (துணியை வெட்டுவதற்கான தாள் வடிவம்) வரைந்து, முதலில் காடாத்துணியில் ஒரு மாதிரியைத் தைத்து, நடிகருக்குப் போட்டுப் பார்க்கிறாள். நடிகர் நிற்கும் வரை எல்லாம் சரியாக இருக்கிறது. கையைத் தூக்கியதும் சட்டை முழுவதும் இடுப்பிலிருந்து கிளம்பி மேலே ஏறி, கழுத்துப்பட்டை காதைத் தொடுகிறது. ஆர்ம்ஹோல் (கையைப் பொருத்தும் துளை) இறுக்கம், அதைக் கீழே இறக்கிப் பெரிதாக வெட்டினால் சரியாகிவிடும் என்றுதான் எவருக்கும் தோன்றும். அப்படி இறக்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். ஆர்ம்ஹோல் கீழே போகப் போக, அக்குளிலிருந்து இடுப்பு வரையிலான பக்கத் தையல் குட்டையாகிறது. தூக்கிய கை அந்தக் குட்டைத் தையலைப் பிடித்து முழுச் சட்டையையும் இழுக்கிறது. மாறாக, ஆர்ம்ஹோலை மேலே ஏற்றி, அக்குளை ஒட்டியபடி சிறிதாக வெட்டினால், கை தோளிலேயே சுழலும், சட்டை இருந்த இடத்தில் இருக்கும். அதுவும் போதாத நடனக் காட்சி என்றால், அக்குளுக்கடியில் சாய்சதுரமாக ஒரு துண்டைக் கிராஸில், அதாவது துணியின் இழைக்குச் சாய்வாக, வெட்டி வைத்துத் தைக்கலாம். படிக்க ஒரு பத்திதான். ஆனால் ஐந்தாறு உடல்களில் தவறாக வெட்டி, பிரித்து, மறுபடி வெட்டிய பிறகுதான் இது கைக்கு வரும். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் அப்படித் தவறு செய்ய எவரும் துணி தரமாட்டார்கள். அந்தத் தவறுகளுக்கான அவகாசத்துக்காகவே பள்ளிக்குப் போவதில் பொருளுண்டு என்று நினைக்கிறேன்.

உங்கள் மகள் இதுவரை பெரும்பாலும் தன் அளவுக்கும் தோழிகளின் அளவுக்கும் தைத்திருப்பாள். நாடகத் தையற்கூடத்தில் ஒரு நடிகருக்கு நாற்பது, ஐம்பது அளவுகள் எடுப்பார்கள். உட்கார்ந்த நிலையில் ஓர் அளவு, முழங்கையை மடக்கிய நிலையில் ஓர் அளவு என்று இன்ச் டேப் அலைந்துகொண்டே இருக்கும். பிறகு தையல் பொம்மையின் மேல் பஞ்சுப் பட்டைகளைச் சுற்றி, அந்த நடிகரின் உடலாகவே அதை மாற்றி, அதன் மேல் துணியைப் போர்த்தி ஊசி குத்தி வடிவம் கண்டுபிடிப்பார்கள்.

உடையின் உட்புறத்திலும் வேறுபாடு உண்டு. ஆயத்த ஆடையில் தையலுக்கு உள்ளே ஒரு சென்டிமீட்டர் துணிதான் விட்டிருப்பார்கள். நாடக உடையில் பக்கத் தையலிலும் நடுமுதுகிலும் ஓர் அங்குலமோ அதற்கு மேலோ விட்டு வைப்பார்கள். இன்று மெலிந்த நடிகைக்குத் தைத்தது, இரண்டு ஆண்டு கழித்து வேறொரு நாடகத்தில் பருத்த நடிகைக்குப் போக வேண்டியிருக்கும். அதே காரணத்துக்காக, லைனிங்கைத் தனிச் சட்டையாகத் தைத்து உள்ளே பொருத்தாமல், ஒவ்வொரு துண்டின் பின்னாலும் அதே வடிவில் ஓர் உள்துணியை வைத்து, இரண்டையும் ஒரே துணியாகக் கருதித் தைப்பார்கள். அப்படித் தைத்தால் ஒரு தையலைப் பிரிக்க முழு லைனிங்கையும் கழற்ற வேண்டியதில்லை. கடையில் வாங்கிய விலையுயர்ந்த ஆடையின் உள்ளே பார்த்து மயங்குகிற கண், நல்ல நாடக உடையின் உள்ளே பார்த்தால் முதலில் முகஞ்சுளிக்கும். அடையாளக் கோடுகள், பெயர் எழுதிய நாடா, ஏராளமாக விட்ட துணி என்று வேலையின் தடயம் அத்தனையும் அங்கே இருக்கும்.

ட்ரையல் அறையில் பேசக் கற்பதும் இந்தப் படிப்பில் அடங்கும் என்பது பலருக்குத் தெரியாது. ‘உங்கள் இடுப்பு பெரிதாக இருக்கிறது’ என்று தயாரிப்பாளர் சொல்லக் கூடாது. ‘இந்தப் பட்டையைச் சிறிதாக வெட்டிவிட்டேன்’ என்று சொல்ல வேண்டும். கண்ணாடி முன்னால் அரைகுறை உடையோடு நிற்பவர் அடுத்த வாரம் ஆயிரம் பேர் முன்னால் நிற்கப் போகிறவர். இதைச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர் கிடைத்தால் உங்கள் மகள் கொடுத்து வைத்தவள்.

கேள்வி: பழங்கால உடைகளின் வரலாற்றை இவ்வளவு ஆழமாகப் படிக்க வேண்டுமா? மேடையில் பத்தடி தூரத்தில் இருக்கிறவருக்கு எது தெரியப் போகிறது?

பதில்: பத்தடி தூரத்திலிருந்து தையலின் நுணுக்கம் தெரியாது. நிழலுருவம் தெரியும், நடை தெரியும். 1860களின் பெண்ணுடையை எடுத்துக்கொள்ளுங்கள். எஃகு வளையங்களால் ஆன கூண்டுப் பாவாடைக்கு 1856இல் காப்புரிமை பெற்றார்கள். அதற்கு முன்னால் அதே விரிவைக் கொண்டுவர ஒன்றன் மேல் ஒன்றாகப் பல உள்பாவாடைகளை அணிய வேண்டியிருந்தது. இரண்டு உடைகளும் நிழற்படத்தில் ஒன்றுபோல் தோன்றலாம். ஆனால் கூண்டு அணிந்தவள் இலேசாக மிதந்து நடப்பாள், துணிகளை அடுக்கி அணிந்தவள் கால் தடுக்கத் தடுக்க அவற்றைத் தள்ளிக்கொண்டு நடப்பாள். நடிகையின் நடையையே மாற்றும் ஒன்றைப் பார்வையாளருக்குத் தெரியாது என்று விட்டுவிட முடியுமா? (அதே 1856இல்தான் பெர்கின் என்ற பதினெட்டு வயது இளைஞர் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். உடை வரலாற்றில் சில ஆண்டுகளுக்கு மட்டும் இப்படி ஓர் அதிர்ஷ்டம்.)

இதைக் கற்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஜேனட் ஆர்னல்டு என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், அருங்காட்சியகங்களில் எஞ்சியிருக்கும் உண்மையான ஆடைகளை நேரில் அளந்து, அவற்றின் பேட்டர்ன்களை எட்டில் ஒரு பங்கு அளவில் கட்டத்தாளில் வரைந்து 1964 முதல் வெளியிட்டார். உலகெங்கும் உடைத் தயாரிப்பு மாணவர்கள் அவற்றைப் பெரிதாக்கி, காடாத்துணியில் தைத்துப் பழகுகிறார்கள். பெரிதாக்கியதை அப்படியே வெட்டினால் அது எவருக்கும் பொருந்தாது. அது முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் கார்செட்டுக்குள்ளேயே வளர்ந்த ஏதோ ஓர் உடலின் அளவாக இருக்கும். அந்த வெட்டின் தர்க்கத்தைக் காப்பாற்றி, இன்றைய நடிகரின் தோளுக்கும் விலா எலும்புக்கும் மாற்றுவதுதான் பாடம்.

எல்லாவற்றையும் அந்தக் காலத்து முறையிலேயே தைக்க வேண்டும் என்பதும் இல்லை. தையல் இயந்திரம் பரவலானதே 1850களில்தான் என்றாலும், உள்ளே மறையும் நீளத் தையல்களை இயந்திரத்தில் ஓட்டி, வெளியே தெரியும் இடங்களை மட்டும் கையால் தைப்பதே வழக்கம். நாற்பது விநாடியில் உடை மாற்ற வேண்டிய காட்சியில், முதுகில் அழகாகத் தெரியும் நாடாக் கட்டு வெறும் தோற்றமாகவும், அதன் அடியில் ஒரு ஜிப்போ பெரிய பிரஸ் பட்டனோ ஒளிந்திருப்பதும் உண்டு. வெல்குரோவை மட்டும் அமைதியான காட்சியில் பயன்படுத்த வேண்டாம். கிழிகிற சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்.

கேள்வி: சாயம் போடுவதும் பாடத்தில் உண்டு என்கிறார்களே? துணியைக் கடையில் தேவையான நிறத்திலேயே வாங்கிவிடலாமே?

பதில்: வாங்கலாம், கிடைத்தால். மேடை விளக்கின் கீழ் தூய வெள்ளைச் சட்டை கண்ணைக் கூசவைத்து, நடிகரின் முகத்தைக் கருக்கிவிடும். எனவே தேநீரிலோ இளஞ்சாம்பல் சாயத்திலோ முக்கி எடுக்காமல் ஒரு வெள்ளைச் சட்டையும் மேடைக்குப் போவதில்லை. நீல விளக்கில் சிவப்பு ஏறக்குறைய கறுப்பாகிவிடும் என்பதையும் அங்கேதான் கற்பார்கள். பருத்திக்கு ஒரு வகைச் சாயம், பட்டுக்கும் கம்பளிக்கும் வேறொரு வகை, பாலியஸ்டருக்குக் கொதிநிலையை ஒட்டிய சூட்டில் பிடிக்கும் மூன்றாவது வகை. தைத்து முடித்த பருத்தி உடைக்குச் சாயம் போட்டால் துணி முழுவதும் நிறம் ஏறி, பாலியஸ்டர் நூலால் தைத்த தையல் மட்டும் கோடு கிழித்ததுபோல் வெள்ளையாக நிற்கும். இதை ஒரு முறை கண்டவர் மறுமுறை நூலைப் பார்க்காமல் தைக்கமாட்டார். சாயத்தூள் மூச்சில் போகக் கூடாத பொருள். விண்ணப்பிக்கும் பள்ளியைப் பார்க்கப் போனால், சாயக்கூடத்தில் காற்றை வெளியேற்றும் வசதி இருக்கிறதா, மாணவர்கள் முகக்கவசம் அணிகிறார்களா என்று பாருங்கள். சமையல் பாத்திரமும் சாயப் பாத்திரமும் ஒரே அலமாரியில் இருந்தால் அப்படியே திரும்பிவிடுங்கள்.

கேள்வி: கடன் வாங்கிப் படிக்கலாமா?

பதில்: என் கருத்தைக் கேட்டால், பெருங்கடன் வாங்கிப் படிக்க வேண்டாம். தையற்கூடச் சம்பளத்தில் பெருங்கடனை அடைப்பது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அமெரிக்காவில் இத்துறையின் முதுகலை மாணவர்களைப் பல்கலைக்கழகத் தையற்கூடத்திலேயே வாரத்துக்குப் பதினைந்து, இருபது மணி நேரம் உதவியாளராக அமர்த்திக்கொண்டு, அதற்கு ஈடாகக் கல்விக் கட்டணத்தில் விலக்கும் மாத உதவித்தொகையும் தரும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு. விலக்கு முழுமையானதா பகுதியா, மூன்று ஆண்டுகளுக்கும் உறுதியா, கோடை விடுமுறையில் என்ன வழி, மருத்துவக் காப்பீடு உண்டா என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூச்சப்பட வேண்டாம், கேட்காதவரைத்தான் அவர்கள் வியப்போடு பார்ப்பார்கள்.

கேள்வி: விண்ணப்பத்தோடு வேலைத் தொகுப்பு கேட்கிறார்கள். என்னிடம் நான் தைத்த உடைகளின் அழகான படங்கள் நாற்பது இருக்கின்றன. போதுமா?

பதில்: நாற்பது மிக அதிகம், ஒருவேளை போதாமலும் இருக்கலாம். மேடை விளக்கில் எடுத்த அழகான படத்தில் விளக்கமைப்பாளரின் திறமையும் நடிகையின் முகமும்தான் தெரியும், உங்கள் வெட்டு தெரியாது. தேர்வாளர் பார்க்க விரும்புவது வழி. ஆகவே பத்துப் பன்னிரண்டு உடைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் வடிவமைப்பாளரின் ஓவியத்தை முதலில் வையுங்கள். அடுத்து, ட்ரையலில் பேனாவால் கோடு போட்டுத் திருத்திய காடாத்துணி மாதிரியின் படம். பிறகு முடிந்த உடையின் முன், பின், பக்கத் தோற்றம். கடைசியில் உடையை உள்வெளியாகத் திருப்பி எடுத்த ஒரு படம். அந்தக் கடைசிப் படத்தில்தான் தேர்வாளர்கள் அதிக நேரம் நிற்பார்கள். ஓர் உடையிலாவது எதிர்பார்த்தது நடக்காமல் போய், அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதைக் காட்டுங்கள்.

ஒவ்வொரு படத்தின் கீழும், வடிவமைத்தவர் யார், வெட்டியவர் யார், தைத்தவர் யார் என்று பிரித்து எழுத வேண்டும். மற்றவர் வெட்டிய உடையைத் தைத்துவிட்டு ‘நான் செய்தது’ என்று எழுதுகிறவர்கள், நேர்காணலில் ‘இந்த டார்ட்டை (துணியை மடித்துத் தைத்து உடலுக்கு வடிவம் தரும் மடிப்பு) ஏன் இங்கே வைத்தீர்கள்?’ என்ற ஒரு கேள்வியில் அகப்பட்டுக்கொள்கிறார்கள். தைத்தது மட்டும்தான் என்று எழுதினால் எந்தக் குறைவும் இல்லை.

நேர்காணலில் நீங்களும் கேள்வி கேளுங்கள். மூன்று ஆண்டுகளில் நானே பேட்டர்ன் போட்டு வெட்டும் உடைகள் எத்தனை, அவற்றை மேடையில் யார் அணிவார்கள் என்று கேளுங்கள். சேப்பல் ஹில்லில் பிளேமேக்கர்ஸ் ரெப்பர்ட்டரி என்ற தொழில்முறை நாடகக் குழு பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இயங்குவதால், மாணவர் வெட்டிய உடையைத் தொழில்முறை நடிகர் வாரக்கணக்கில் அணிந்து நடிக்கிறார். எங்கே தேய்கிறது, எங்கே பிரிகிறது என்பது தானே தெரிந்துவிடும். வகுப்பறைப் பொம்மையின் மேலேயே முடிந்துவிடும் உடை அதைக் கற்பிக்காது. நீங்கள் விண்ணப்பிக்கும் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவரை, ஆசிரியர்கள் உடன் இல்லாத நேரத்தில் சந்தித்துப் பேச இடம் கொடுக்கிறார்களா என்பதையும் பாருங்கள்.

கேள்வி: பதினோரு ஆண்டுகளாக ஒரு நாடகக் குழுவில் தைத்து வருகிறேன். பட்டம் இல்லை. இந்த வயதில் படிக்கப் போக வேண்டுமா?

பதில்: பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகும் எண்ணம் இருந்தால் போங்கள், அமெரிக்காவில் அந்தப் பணிக்கு முதுகலைப் பட்டம்தான் வழக்கமாகக் கேட்கப்படும் தகுதி. இல்லையென்றால், வாசலில் எவரும் உங்கள் பட்டத்தைக் கேட்கப் போவதில்லை, தைத்ததைத்தான் கேட்பார்கள். உங்களுக்கு எது குறைகிறது என்று நீங்களே எழுதவில்லை. என் ஊகம், பதினோரு ஆண்டுகளும் மற்றவர் வெட்டித் தந்ததைத் தைத்திருப்பீர்கள் என்பது. அப்படியானால் உங்கள் குழுவின் டிரேப்பரிடம் அடுத்த நாடகத்தில் ஒரே ஓர் உடையை, கூட்டத்தில் நிற்கும் சிறு பாத்திரத்தின் உடையாக இருந்தாலும் சரி, பேட்டர்னிலிருந்து நானே வெட்டுகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். அவர் மறுத்து, அதற்கடுத்த நாடகத்திலும் மறுத்தால், அப்போது விண்ணப்பப் படிவத்தை வரவழையுங்கள். வயது அதற்குத் தடையில்லை.